சின்னமலைப்பட்டி விலக்கு

பாண்டியராஜோடு சைக்கிள் ஓட்டிய நாலு வருடத்தில் சிவப்பிரகாஷ் ஒரு மேட்டில்கூடப் பின்தங்கியதில்லை. பின்தங்காமல் இருக்க அவன் என்ன பாடுபட்டான் என்பது பாண்டியராஜுக்குத் தெரியாது.

சிவப்பிரகாஷுக்குத் தூத்துக்குடி மார்க்கெட் பக்கம் பெயிண்ட் கடை. பூர்வீகம் சாத்தான்குளம்; அப்பா காலத்திலேயே இங்கே வந்து கடை போட்ட குடும்பம். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியதால் முப்பத்தொன்பதாவது வயதில் சைக்கிள் வாங்கினான். வாங்கிய இரண்டாவது வாரம் துறைமுக ரோட்டில் செயின் கழன்று, கையெல்லாம் கறுப்பாகி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அப்போது சைக்கிளை நிறுத்தி இறங்கியவன்தான் பாண்டியராஜ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் வயலும் வரப்புமாக வளர்ந்த உடம்பு. செயினை மாட்டிக் கொடுத்துவிட்டு, "எந்தப் பக்கம் போறிய?" என்று கேட்டான். இரண்டு பேரும் முள்ளக்காடு வரை சேர்ந்து போனார்கள். ஒரு மாதத்தில் 'போறிய' என்பது 'எங்கலே போற' ஆகிவிட்டது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் சிவப்பிரகாஷுக்குப் பாண்டியராஜ்தான். கடையில் பேச நூறு பேர் இருந்தார்கள். சொந்தக்காரர்களுக்கும் குறைவில்லை. ஆனால் பேசாமலே இரண்டு மணி நேரம் கூட இருக்கக்கூடிய மனிதன் ஒருவன்தான் இருந்தான். அந்த ஒருவனுடைய வேகத்துக்கு ஈடுகொடுப்பதற்காக வாரநாளில் வீட்டு மாடிப்படியில் முப்பது முறை ஏறி இறங்குவான். "இந்த வயசுல எந்தப் போட்டிக்கு?" என்று மனைவி இந்துமதி கேட்டால், "சுகருக்கு நல்லது" என்பான்.

இருநூறு கிலோமீட்டர் பயணத்தைத் திட்டமிட்டவனும் அவன்தான். உப்பளத்துச் சமதரையில் ஓட்டி இருவருக்கும் அலுத்துவிட்டது. ஓட்டப்பிடாரம், பசுவந்தனை, கடம்பூர் வழியாகக் குருமலை அடிவாரத்து மேடுபள்ளங்களைச் சுற்றிக்கொண்டு கயத்தாறு, அங்கிருந்து கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம், திரும்ப வீடு. கார்த்திகையிலேயே பைக்கில் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தான். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். அதற்கு நாலு நாள் இருக்கும்போது பாண்டியராஜ் போன் செய்தான்.

"சிவா, ஞாயித்துக்கிழமை சுந்தரும் வாரான்."

"எந்தச் சுந்தரு?"

"எங்க ஆபீஸ்ல இருக்கான்லா, சுந்தர்சிங். ஒங்கிட்ட சொன்னேம்லே. புதுசா சைக்கிள் வாங்கியிருக்கான்."

சொன்னதாகச் சிவப்பிரகாஷுக்கு ஞாபகமில்லை. "புதுசா வாங்குனவன் இருநூறு தாங்குவானா?"

"தாங்குவான், தாங்குவான். மெதுவா கூட்டிட்டுப் போவோம்."

மெதுவா. போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை சிவப்பிரகாஷின் காதிலேயே இருந்தது. அவனை யாரும் எங்கேயும் மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாம் மைலில் கூடினார்கள். சுந்தர்சிங்குக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். மெலிந்த உயரமான ஆள். முதுகில் ரத்தச் சிவப்பில் ஒரு பை. "வணக்கம் அண்ணாச்சி, ஒங்களப் பத்தி அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாவ" என்று இரண்டு கையாலும் கையைப் பிடித்துக் குலுக்கினான். சிரிக்கும்போது கண் மூடிக்கொள்கிற முகம். வெறுப்பதற்குச் சிரமமான முகம் என்று சிவப்பிரகாஷுக்குத் தோன்றியது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

பாண்டியராஜ் குனிந்து சுந்தர்சிங்கின் டயரை விரலால் அழுத்திப் பார்த்தான். சீட்டை அரை விரற்கடை ஏற்றினான். தன்னுடைய பழைய கையுறையை அவனுக்குக் கொடுத்தான். சிவப்பிரகாஷ் அந்தக் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தான். போன வருடம் அவனுடைய கையுறை கிழிந்தபோது பாண்டியராஜ் சொன்னது, "புதுசு வாங்குலே" என்பதுதான்.

புதியம்புத்தூர் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. கரிசல் காட்டில் மிளகாய்ப் பழம் பறிக்கப் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ரோட்டின் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப்போட்டிருந்தது. கல் அடுக்கி எல்லை கட்டியிருந்தார்கள். பாண்டியராஜும் சுந்தர்சிங்கும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினார்கள். ஆபீஸ் கேண்டீனைப் பற்றி ஏதோ பேச்சு.

"அண்ணே, அந்த நாப்பத்தேழாம் நம்பர் கண்டெய்னரு..." என்று சுந்தர்சிங் ஆரம்பிப்பதற்குள் பாண்டியராஜ் வெடித்துச் சிரித்தான். சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது.

"என்ன அது?" என்று பின்னாலிருந்து சிவப்பிரகாஷ் கேட்டான்.

"அது ஒண்ணுமில்லலே. அங்கன இருந்தாத்தான் புரியும்."

நாலு வருடத்தில் பாண்டியராஜ் இப்படி வாய்விட்டுச் சிரித்து அவன் கேட்டதில்லை. தான் சிரிக்க வைக்கிற ஆளில்லை என்பது அவனுக்கே தெரியும். ஆனாலும் சிரிக்க வைக்கிற ஒருவன் வேண்டும் என்று பாண்டியராஜ் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தானோ என்று மனம் குடைந்தது.

ஓட்டப்பிடாரம் கடந்ததும் தரை லேசாக உயர ஆரம்பித்தது. பார்த்தால் சமதரைபோலத்தான் இருக்கும், தொடைக்குத்தான் தெரியும். சுந்தர்சிங் பின்தங்கினான். மேட்டின் உச்சியில் பாண்டியராஜ் ஒரு காலை ஊன்றி நின்றான்.

"என்னாச்சு?" என்றான் சிவப்பிரகாஷ்.

"சுந்தரு வரட்டும்."

இரண்டு நிமிடம் நின்றார்கள். சுந்தர்சிங் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "நல்லா ஏறுன. கியரை இன்னுங் கொஞ்சம் முன்னாலேயே குறைச்சுக்கோ" என்று பாண்டியராஜ் தன் பாட்டிலை நீட்டினான்.

சிவப்பிரகாஷ் மனத்துக்குள் எண்ண ஆரம்பித்தான். இது ஒன்று. பசுவந்தனைக்கு முன்னால் பாலத்து ஏற்றத்தில் இரண்டு. கடம்பூர் போவதற்குள் ஐந்து முறை பாண்டியராஜ் நின்றுவிட்டான். ஐந்தாவது முறை கீழே இறங்கி, சைக்கிளை வேலிக்கல்லில் சாத்திவிட்டு, நிழலில் உட்கார்ந்தே காத்திருந்தான். நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்த எத்தனையோ மேடுகள் சிவப்பிரகாஷின் ஞாபகத்துக்கு வந்தன. வல்லநாட்டு ஏற்றத்தில் ஒருமுறை கண் இருட்டிக்கொண்டு வந்தபோதுகூட முன்னால் போகிற பாண்டியராஜின் குதிகாலை விட்டு அவன் பார்வையை எடுக்கவில்லை. பாண்டியராஜ் திரும்பிப் பார்த்ததே இல்லை.

கடம்பூரில் போளி வாங்கினார்கள். இலையில் சூடாக இருந்தது. பாண்டியராஜ் ஒன்றைப் பிய்த்துப் பாதியைச் சுந்தர்சிங்கிடம் கொடுத்துவிட்டு, "சிவா, ஒனக்கு?" என்றான்.

"சுகர்."

"இன்னைக்கு ஒரு நாளு திங்கலாம்லே. அம்புட்டையும் மிதிச்சுக் கரைச்சிருவ."

"வேண்டாம்."

பாண்டியராஜ் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் சிவப்பிரகாஷ் தின்றிருப்பான்.

கடம்பூரை விட்டு வெளியே வந்ததும் சுந்தர்சிங்கின் பின் டயரில் உடைமரத்து முள் ஏறியது. அவன் வைத்திருந்த மாற்று டியூபைப் போட்டார்கள். ஒரு மைல் போவதற்குள் மறுபடியும் முள். இந்தமுறை பாண்டியராஜ் தன்னுடைய டியூபைப் போட்டான். ஒட்டுப் போடுகிற பசை காய்ந்து கல்லாகிக் கிடந்தது.

"இன்னொண்ணு குத்திச்சுன்னா முடிஞ்சுது. சிவா, ஒங்கிட்ட டியூப் இருக்கா?"

சிவப்பிரகாஷின் பைக்குள் இரண்டு இருந்தன. துணியில் சுற்றி, பவுடர் போட்டு, அவன்தான் முந்தின நாள் எடுத்து வைத்தான்.

"எடுத்து வச்சேன். மேஜையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றான். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அதற்குள் பாண்டியராஜ் மணியைப் பார்த்துவிட்டான்.

"கயத்தாறுல ஒரு சைக்கிள் கடை உண்டு. ஞாயித்துக்கிழமை பன்னெண்டுக்குள்ள அடைச்சிருவான். நான் முன்னால போயி வாங்கி வைக்கேன். நீங்க ரெண்டு பேரும் பையப் பைய வாங்க. கடைக்கு எதுத்தாப்புல டீக்கடையில நிக்கேன்." சைக்கிளில் ஏறியவன் காலை ஊன்றித் திரும்பினான். "சிவா, சின்னமலைப்பட்டி விலக்குல மட்டும் அவனோட நில்லு. இடது பக்கம் திரும்பணும். நேரா போனா கல்குவாரி ரோடு. சரளைக்கல்லு, கண்ணுமண்ணு தெரியாத இறக்கம். டிப்பர் லாரி வேற வரும்."

"எனக்குத் தெரியாதா? ரோட்டைப் பாத்துட்டு வந்ததே நான்தானலே."

"அதான் ஒங்கிட்ட சொல்லுதேன்."

பாண்டியராஜ் போய்விட்டான். இரண்டு பக்கமும் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மலை பக்கத்தில் வந்துவிட்டது. பாறையும் முள்ளுமாக, உயரம் அதிகமில்லாத மலை. அதன் காலடியில் ரோடு ஏறுவதும் இறங்குவதுமாகப் போனது. சிவப்பிரகாஷ் சுந்தர்சிங்குக்குப் பக்கத்தில் ஓட்டினான்.

"நான் வந்தது ஒங்களுக்குச் சிரமமாப் போச்சு, இல்லையா அண்ணாச்சி?"

"அப்படியெல்லாம் இல்ல."

"ரீனா சொன்னா. என் வீட்டுக்காரி. கோயிலுக்கு வராம ஊர் சுத்தப் போறியேன்னு. இன்னைக்கு மட்டும்னு சொல்லிட்டு வந்தேன்." கொஞ்ச தூரம் மூச்சு வாங்கிவிட்டு அவனே தொடர்ந்தான். "பாண்டி அண்ணன் குஜராத் போயிட்டா, அப்புறம் நாம ரெண்டு பேருதான் ஓட்டணும். அதுக்குள்ள நான் ஒங்க வேகத்துக்கு வந்துருவேன், பாருங்க."

சிவப்பிரகாஷின் கால் ஒரு சுற்றுத் தவறியது.

"எப்பம் போறானாம்?" என்றான், முன்பே தெரிந்தவன்போல.

"ஆர்டர் இன்னும் வரல. அங்க புது டெர்மினல்லா. வந்தா சித்திரையில போகணும்னாவ. ஒங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னான்" என்றான் சிவப்பிரகாஷ்.

அடுத்த மேட்டில் அவன் எழுந்து நின்று மிதித்தான். பின்னாலிருந்து சுந்தர்சிங் ஏதோ சொல்லிக் கூப்பிட்டது காற்றில் போய்விட்டது. மிதிக்க மிதிக்கக் கோபம் குறையும் என்று பார்த்தான். கூடியது. ஊரை விட்டே போகப்போகிறவன், நாலு வருடம் கூட ஓட்டினவனிடம் சொல்லவில்லை. நேற்று சைக்கிள் வாங்கினவனிடம் சொல்லியிருக்கிறான். இந்த இருநூறு கிலோமீட்டர் தனக்கும் பாண்டியராஜுக்கும் உரியது என்று கார்த்திகையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தோமே என்று அவனுக்கு அவமானமாக இருந்தது.

விலக்கு வந்தது. சின்னமலைப்பட்டிக்குப் பிரிகிற இடத்தில் எழுத்தழிந்த ஒரு மஞ்சள் கல்லும் கூரையில்லாத பஸ் நிறுத்தமும்தான். சிவப்பிரகாஷ் இறங்கி நின்றான். தண்ணீர் குடித்தான். பத்து நிமிடம் நின்றிருப்பான். தூரத்து மேட்டின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அது வளைந்து வளைந்து, மிகவும் களைத்துப்போய் வந்துகொண்டிருந்தது.

கூப்பிட்டால் கேட்கிற தூரம் இல்லை. இன்னும் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

சிவப்பிரகாஷ் சைக்கிளில் ஏறி இடது பக்கம் திரும்பினான். திரும்பிப் பார்க்காமல் மிதித்தான். அவனே கண்டுபிடித்து வரட்டும், போன் இருக்கிறது, வாய் இருக்கிறது, பச்சைப்பிள்ளையா என்று சொல்லிக்கொண்டான். கயத்தாறு வரை ஒன்பது கிலோமீட்டரும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனான்.

டீக்கடையில் பாண்டியராஜ் எழுந்து நின்றான். "அவன எங்க?"

"வாரான். பின்னால."

"விலக்குல திருப்பி விட்டியா?"

"ம்."

பாண்டியராஜ் உட்கார்ந்தான். வாங்கி வைத்த டியூபைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. சுந்தர்சிங்கின் போன் அணைந்திருக்கிறது என்று பதிவுக்குரல் சொன்னது. "வழியெல்லாம் படம் எடுத்துக்கிட்டே வந்தான். சார்ஜ் தீந்திருக்கும்" என்று பாண்டியராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெயில் ரோட்டில் தகடாக மின்னியது. டீக்கடைக்காரர் இரண்டாவது முறையாக, "சாப்பாடு எடுத்து வைக்கவா?" என்று கேட்டார்.

"மறுபடி பஞ்சராயிருக்கும். நான் போயிப் பாத்துட்டு வாரேன்" என்று பாண்டியராஜ் எழுந்தான்.

"நீ இரு. நான் போறேன். அவன் இங்க வந்தாலும் வருவான்" என்றான் சிவப்பிரகாஷ். எங்கே தேட வேண்டும் என்று அவனுக்குத்தானே தெரியும்.

திரும்பிப் போன ஒன்பது கிலோமீட்டரில் ஒரு ஆள்கூட எதிரே வரவில்லை. விலக்கில் நின்று, நேர்ரோட்டில் பார்த்தான். சரளைக்கல்லில் மெல்லிய டயர் தடம் ஒன்று இறங்கிப் போயிருந்தது. அவன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினான். சைக்கிள் வழுக்கியது. இரண்டு வளைவு தாண்டியதும் ரோட்டோரத்து வேலிக்குள் தலைகுப்புற ஒரு சைக்கிள் கிடந்தது. முன் சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. சற்றுத் தள்ளிச் சிவப்புப் பை. ஆள் இல்லை.

கல்லின் மேல் ரத்தம் காய்ந்திருந்தது.

"சுந்தரு!" என்று கத்தினான். அன்று காலையிலிருந்து அந்தப் பெயரை அவன் ஒருமுறையும் சொல்லவில்லை. "சுந்தரு! தம்பி!" வேலியை விலக்கிப் பள்ளத்துக்குள் பார்த்தான். மேலே ஆட்டுமணி கேட்டது. துண்டைத் தலையில் போட்ட பெரியவர் ஒருவர் ஆடுகளுக்கு நடுவில் நின்றார்.

"யாரத் தேடுதிய?"

"இந்தச் சைக்கிள்ல வந்த..."

"அந்தத் தம்பியா? எங்க மோட்டார் ரூம்ல படுக்கப் போட்டிருக்கு. லாரிக்காரன் ஒதுங்குனான், இல்லன்னா ஆளு இல்ல." அவர் பெயர் மாடக்கண்ணு என்று பிறகு தெரிந்தது. முன்னால் நடந்துகொண்டே சொன்னார்: "தண்ணி கேட்டுச்சு, குடுத்தேன். கையத் தொட உடமாட்டேங்கு."

மோட்டார் ரூமில் நார்க்கட்டிலில் சுந்தர்சிங் படுத்திருந்தான். மோவாயில் ஆழமாக ஒரு வெட்டு. இடது மணிக்கட்டு வீங்கி, கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சிவப்பிரகாஷைப் பார்த்ததும் அவன் சிரிக்கப் பார்த்தான்.

"அண்ணாச்சி. வந்துட்டியளா." உதடு காய்ந்திருந்தது. "விலக்குல ஒரு நாழி நின்னு பாத்தேன். யாரையும் காணல. நேரா போயிருப்பியன்னு நெனச்சேன்."

சிவப்பிரகாஷ் தரையில் உட்கார்ந்தான். சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"பாண்டி குஜராத் போறது ஒனக்கு எப்படித் தெரியும்?"

சுந்தர்சிங் வலியோடு அவனைப் பார்த்தான். இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று புரியாத முகம். "நான்தானே அப்ளிகேஷன் டைப் பண்ணிக் குடுத்தேன். ஆபீஸ்ல எல்லாருக்கும் நான்தான் டைப் பண்ணுவேன். அண்ணனுக்கு இங்கிலீஷ்ல எழுத வராதுல்லா. ஏன் அண்ணாச்சி?"

அவ்வளவுதான். டைப் அடித்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"தம்பி, நான் விலக்குல நின்னேன்" என்றான் சிவப்பிரகாஷ். "நீ வாரதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. பிறகு சுந்தர்சிங் கண்ணை மூடிக்கொண்டான். "நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?" என்று மட்டும் கேட்டான். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

வெளியே தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல் கிடைத்தது. சிவப்பிரகாஷ் பாண்டியராஜைக் கூப்பிட்டான். முக்கால் மணி நேரத்தில் வாழைத்தார் ஏற்றுகிற குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாண்டியராஜ் வந்து சேர்ந்தான். வண்டித் தரையில் வாழைச்சருகு பரப்பியிருந்தது. சுந்தர்சிங்கின் கையைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது. ஒரு குச்சியை வைத்துத் துண்டால் மணிக்கட்டைக் கட்டினான். கட்டிக்கொண்டே, "எப்படிலே இங்கன வந்தான்? நீ திருப்பி விட்டேன்னு சொன்ன" என்றான்.

சுந்தர்சிங் கட்டுகிற துண்டையே பார்த்தான். சிவப்பிரகாஷின் பக்கம் திரும்பவில்லை.

"நான் நிக்கல" என்றான் சிவப்பிரகாஷ்.

"என்னது?"

"விலக்குல நிக்கல. ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

பாண்டியராஜ் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். "ஏன்?"

மாடக்கண்ணு ஒரு பக்கம், வண்டிக்காரன் ஒரு பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்து மூன்று வயதில், கடைக்காரன் ஒருவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், மோட்டார் ரூம் வாசல் வெயிலில் நின்று சொன்னான்: "நாலு வருஷத்துல ஒரு மேட்டுலயாவது எனக்காக நின்னிருக்கியா நீ? இவனுக்கு இன்னைக்கு ஒருநாள்ல அஞ்சு தடவ நின்ன."

பாண்டியராஜுக்கு முதலில் புரியவேயில்லை. பிறகு, "நீ எப்பம்லே பின்னால வந்த? நான் திரும்புறதுக்குள்ள எங்கூட நிப்ப. நிக்க வேண்டியிருந்தாத்தான நிப்பேன்?" என்றான். குரல் உயர்ந்தது. "இதுக்கா? இதுக்காலே இவன் கையை ஒடிச்ச?"

சிவப்பிரகாஷ் தலை குனிந்தான்.

சுந்தர்சிங்கைத் தூக்கி வண்டியில் படுக்க வைத்தார்கள். வண்டியில் ஏற்கெனவே இருந்த பாண்டியராஜின் சைக்கிளுக்குப் பக்கத்தில் வளைந்த சைக்கிளையும் ஏற்றினார்கள். பாண்டியராஜ் உள்ளே உட்கார்ந்து, சுந்தர்சிங்கின் தலையைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். மூன்றாவது சைக்கிளுக்கும் இடம் இருந்தது. ஏறு என்று பாண்டியராஜ் சொல்லவில்லை. வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேடேறிப் போனது.

வந்த வழியே சிவப்பிரகாஷ் திரும்பினான். கழுகுமலை இல்லை, எட்டயபுரம் இல்லை. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்து எதிரே வீசியது. பசுவந்தனையில் தண்ணீர் தீர்ந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது, அழுகைகூட வந்தது. ஆனாலும் மிதிக்க மிதிக்க மனம் அந்தக் குட்டியானையின் பின்னாலேயே போனது. பாண்டியராஜின் தொடைமேல் சாய்ந்திருக்கும் அந்தத் தலை, வண்டி குலுங்கும்போது அதைத் தாங்கிக்கொள்ளும் கை. ஒருவன் கை ஒடிந்து கிடக்கிறான், அவனைப் பார்த்தும் பொறாமைப்படுகிறோமே என்று தன்னைக் காறித் துப்பிக்கொண்டான். துப்பினாலும் அது போகவில்லை. பாலத்து ஏற்றத்தில் முதன்முறையாகச் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தான்.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. மோவாயில் ஏழு தையல். ஆறு வாரம் மாவுக்கட்டு. புதன்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு சுந்தர்சிங்கின் வீட்டுக்குச் சிவப்பிரகாஷ் போனான். ரீனா கதவைப் பாதி திறந்தாள்.

"தூங்குதாவ" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்தது. பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த புதன்கிழமையும் போனான். அதற்கடுத்த புதன்கிழமை உள்ளேயிருந்து சுந்தர்சிங்கின் குரல், "வரட்டும் விடு" என்றது. பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். டயர்களைப் பற்றிப் பேசினார்கள். மன்னிப்புக் கேட்டபோது, "சரி அண்ணாச்சி" என்றான் சுந்தர்சிங். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டியூபைப் பற்றிச் சிவப்பிரகாஷும் சொல்லவில்லை. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பாண்டியராஜ் மாதக் கணக்கில் பேசவில்லை. சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தான். கயிறும் ஒட்டுகிற டேப்பும் வேண்டும் என்றான். பெயிண்ட் கடையில் இரண்டும் உண்டு.

"ஆர்டர் வந்துட்டா?" என்று சிவப்பிரகாஷ் கேட்டான்.

"வந்துட்டு. வெள்ளிக்கிழமை ரயிலு." டேப்பைக் கையில் உருட்டினான். "கெடைக்குமா கெடைக்காதான்னு தெரியாத ஒண்ண எதுக்குச் சொல்லணும்னு இருந்தேன். மூஞ்சத் தூக்கிட்டு இருப்ப, அதப் பாக்க முடியாதுன்னு இருந்தேன். அவ்வளவுதான் விஷயம்."

"சொல்லியிருக்கணும்லே."

"சொல்லியிருக்கணும்" என்று ஒப்புக்கொண்டான் பாண்டியராஜ். டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நீ செஞ்சது எனக்கு இன்னும் ஆறல சிவா" என்றான். போகும்போது கையை உயர்த்தினான். அதற்கு மேல் எதிர்பார்க்கச் சிவப்பிரகாஷுக்கும் உரிமை இல்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சுந்தர்சிங்கிடமிருந்து போன் வந்தது. கட்டுப் பிரித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றும், டாக்டர் மெதுவாக ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார் என்றும் சொன்னான். "நாளைக்கு தருவைகுளம் வரைக்கும் போவமா அண்ணாச்சி? ரீனாவுக்கு நான் தனியா போறது பயம்."

"எங்கூட வாரதுக்கு பயமில்லையாமா?"

"அதுக்கும் பயந்தான்" என்றான் சுந்தர்சிங். "ஒண்ணு செய்வோம். நான் முன்னால போறேன். நீங்க பின்னால வாங்க."

அப்படித்தான் போனார்கள். சமதரைதான், ஆனால் சுந்தர்சிங் இடது கையை ஊன்றப் பயந்து மிக மெதுவாக ஓட்டினான். சிவப்பிரகாஷ் அவன் பின்னாலேயே போனான். நாலு வருடத்தில் முதன்முறையாக ரோட்டோரத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தான். தருவைகுளத்தில் வள்ளங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்தார்கள். இடையில் சுந்தர்சிங் ஒருமுறை தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான். சிவப்பிரகாஷ் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அப்போது இரண்டு பேர் போனும் ஒரே நேரத்தில் சத்தம் கொடுத்தன. பாண்டியராஜ் படம் அனுப்பியிருந்தான். வெட்டவெளி ரோட்டில் ஆறு பேர் சைக்கிளோடு வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் பாண்டியராஜ், பக்கத்தில் நிற்கும் தாடிக்காரன் தோளில் கை போட்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு.

சுந்தர்சிங் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது.

"யாரு அண்ணாச்சி இவனுவ?" என்றான். "போயி ஒரு மாசங்கூட ஆகல. அதுக்குள்ள அஞ்சு பேரா? அந்தத் தாடிக்காரன் மூஞ்சியே சரியில்ல."

சிவப்பிரகாஷ் அவனைத் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. டீ சட்டையில் கொட்டியது. எதற்குச் சிரிக்கிறான் என்று சுந்தர்சிங்குக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவன் சிரிக்கவில்லை. போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இன்னொரு டீ சொல்லுங்க" என்றான்.